எங்களுக்காகப் பேசியவர், எங்களுக்கு வாக்கு வேண்டாம் என்றவர்

போன தவணை தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சுப்போட்டி. தலைப்பு 'சேர் பொன். இராமநாதனின் வாழ்வும் பணியும்'. ரீச்சர் குறிப்பும் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தா. பிறந்தது, படித்தது, சட்டசபைக்குப் போனது, சிங்களத் தலைவர்களைக் காப்பாற்றியது, பள்ளிக்கூடம் கட்டியது, கோயில் கட்டியது, சமாதியானது. இரண்டு நாளாக வீட்டுக்குள் நடந்து நடந்து பாடமாக்கினாள். மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: "அக்கா, நீ வரலாறுதானே படிக்கிறாய். இந்த ஆள் ஒரு பிழையும் விடேல்லையோ?"

"பேச்சுப்போட்டிக்கு உது தேவையில்லை, நீ பாடமாக்கு" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். இரண்டாம் வருடத்தில் டொனமூர் காலம் பற்றி ஒரு ஒப்படை எழுதிய எவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு பதினைந்து வயசுப் பிள்ளைக்கு மறைத்தேன். மேடையில் மறைக்கிறார்கள், பாடப்புத்தகத்தில் மறைக்கிறார்கள், கடைசியில் சோத்துக் கோப்பைக்கு முன்னால் நானும் மறைத்தேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவருக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். பிறகு யாரும் "நன்றி கெட்டதுகள்" என்று சொல்லக்கூடாது.

நான் படிக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்பது சேர் பொன். இராமநாதன் வீதியில். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அது குடிபுகுந்தது அவர் 1921 இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில். பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிற பரமேஸ்வரன் கோயிலும் அவர் கட்டியது. பஸ்ஸில் வந்து இறங்குகிற சந்திக்கும் பரமேஸ்வராச் சந்தி என்றுதான் பெயர். அவர் 1913 இல் பெண்பிள்ளைகளுக்கென்று இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். சைவப் பெண்பிள்ளைகள் ஆங்கிலமும் படிக்கலாம், மதமும் மாறத் தேவையில்லை என்பது அந்தக் காலத்தில் சின்ன விசயம் இல்லை. கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைக் கருங்கல்லில் கட்டியெழுப்பியதும் அவர்தான். தன் சொத்தைக் கொடுத்தார். இன்றைக்குத் தலைவர் என்று மேடையேறுகிற எத்தனை பேர் தங்கள் காணியில் ஒரு பரப்பைப் பொதுவுக்குக் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் போதும்.

இவ்வளவும் உண்மை. என் கோபம் இதில் இல்லை. இவர் 'மக்களின் தலைவர்' என்று சொல்லப்படும்போது அந்த மக்கள் யார் என்று யாரும் கேட்பதில்லையே, அதில்தான் கோபம்.

தலைவராக வந்த வழி

1851 இல் கொழும்பில் பிறந்தார். அப்பா முதலியார். மாமா முத்து குமாரசுவாமி சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. 1879 இல் மாமா இறந்துபோக, அந்த இடத்துக்கு மருமகன் நியமிக்கப்பட்டார். அப்போது வயது 28. யாரும் வாக்குப் போடவில்லை. தேசாதிபதி நியமித்தார். ஒரு சமூகத்தின் பிரதிநிதித்துவம் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனது, வீட்டு உறுதி கைமாறுகிற மாதிரி. அது அந்தக் காலத்து முறை, அவருடைய குற்றம் இல்லை. ஆனால் அந்த முறை ஒருவருக்கு என்ன பழக்கத்தைக் கொடுக்கும்? 'நான் இவர்களுக்காகப் பேசுகிறேன்' என்ற எண்ணத்தைக் கொடுக்கும். 'இவர்கள் என்னைக் கேட்டார்களா' என்ற கேள்வியைக் கொடுக்காது.

இந்தப் பழக்கத்தை அவருடைய வாழ்க்கை முழுக்கப் பார்க்கலாம்.

1880களில் முஸ்லிம்களுக்குச் சட்டநிரூபண சபையில் தனி இடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1885 இல் சபையில் பேசும்போதும், 1888 இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையிலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று இராமநாதன் வாதாடினார். மேலோட்டமாகப் பார்த்தால் மொழி ஆராய்ச்சி. அது வந்த நேரத்தைப் பார்த்தால் அரசியல் விளங்கும். நீங்கள் தமிழர்தான், தமிழருக்குப் பிரதிநிதியாக நான் இருக்கிறேன், உங்களுக்கு எதற்குத் தனி ஆள்? முஸ்லிம்கள் அதை அப்படித்தான் விளங்கிக்கொண்டார்கள். 1889 இல் அவர்களுக்கு ஒரு நியமன உறுப்பினர் கிடைத்தார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார். இன்றைக்கும் 'தமிழ் பேசும் மக்கள்' என்று நாங்கள் அன்பாகச் சொல்லும்போது ஒரு முஸ்லிம் நண்பனின் முகம் ஏன் கொஞ்சம் மாறுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அந்த முகமாற்றத்துக்கு நூறு வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. நாங்கள் அதைப் படிப்பதில்லை. அவர்கள் படித்திருக்கிறார்கள்.

நாங்கள் பெருமையாகச் சொல்லும் இரண்டு கதைகள்

முதலாவது 1911. படித்த இலங்கையருக்கு என்று ஒரு தொகுதி உருவாக்கி முதல் தேர்தல் வைத்தார்கள். இராமநாதன் என்ற தமிழர் மார்க்கஸ் பெர்னாண்டோ என்ற சிங்கள வைத்தியரைத் தோற்கடித்தார். "பாருங்கள், அந்தக் காலத்தில் சிங்களவரே ஒரு தமிழருக்கு வாக்குப் போட்டார்கள்" என்று நல்லிணக்கக் கருத்தரங்கு எல்லாவற்றிலும் இந்தக் கதை வரும். வாக்களிக்க உரிமை இருந்தவர்கள் முழு நாட்டிலும் 3000 பேருக்கும் குறைவு என்பது அந்தக் கருத்தரங்கில் வராது. மார்க்கஸ் பெர்னாண்டோ கராவ சாதி. கொவிகமப் பெரியவர்கள் தங்கள் இனத்துக் கராவ ஆளைவிட அடுத்த இனத்து வெள்ளாளரை விரும்பினார்கள் என்பதும் வராது. இதை வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஆக நாங்கள் இன ஒற்றுமை என்று கொண்டாடுவது இரண்டு மொழிகளைச் சேர்ந்த உயர்சாதிக்காரரின் ஒற்றுமையை. அந்த ஒற்றுமைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும்.

இரண்டாவது 1915. அந்த வருசம் மே கடைசியில் கண்டியில் தொடங்கி முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் பரவியது. அரசாங்கக் கணக்கின்படியே 4000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிந்தன. ஆட்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு ஆங்கில அரசாங்கம் இராணுவச் சட்டம் போட்டு வெறித்தனமாக அடக்கியது. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்றது. சேனாநாயக்க சகோதரர்கள் போன்றவர்களைச் சிறையில் அடைத்தது. இராமநாதன் சட்டநிரூபண சபையில் அந்த அநியாயத்தை எதிர்த்துப் பேசினார். லண்டன் வரைக்கும் கொண்டுபோனார். 1916 இல் புத்தகமாகவும் போட்டார். அதிகாரத்துக்கு முன்னால் அப்படிப் பேசத் துணிவு வேண்டும், மறுக்கவில்லை. திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியை இழுத்தார்கள் என்று சொல்வார்கள். தங்கச்சியின் பேச்சிலும் கைதட்டல் வாங்குகிற இடம் அதுதான்.

ஆனால் அந்த வண்டிக் கதையில் கடை எரிந்த முஸ்லிம் வியாபாரி எங்கே? இராணுவச் சட்டத்தின் கொடுமையைப் பற்றி அவ்வளவு பேசியவர், கலவரத்தின் கொடுமையைப் பற்றி அதே அளவுக்குப் பேசவில்லை என்பது முஸ்லிம்களின் மனத்தில் ஆறாத காயம். இரண்டையும் சேர்த்துப் பேசியிருக்க முடியும். இரண்டு அநியாயமும் ஒரே வருசத்தில் நடந்தவை.

நாங்கள் இந்தக் கதையைச் சொல்வது வேறு ஒரு தேவைக்காக. "நாங்கள் உங்களைக் காப்பாற்றினோம், நீங்கள் எங்களை ஏமாற்றினீர்கள்." 1921 இல் அவருடைய தம்பி அருணாசலம், கொழும்பில் தமிழருக்கு ஓர் இடம் தருவதாகக் கொடுத்த வாக்குறுதி மீறப்பட்டதால் இலங்கைத் தேசிய காங்கிரசை விட்டு வெளியேறினார். அது உண்மையான ஏமாற்றம். ஆனால் ஏமாற்றம் என்று நாங்கள் எப்போதும் ஒன்றைத்தான் எண்ணுகிறோம். வெளியே இருந்து வந்ததை மட்டும்.

1928

இனி தங்கச்சியின் கேள்விக்கு வருவோம்.

1927 கடைசியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அப்போது நாட்டில் வாக்குரிமை இருந்தது ஏறத்தாழ 4 வீதம் பேருக்கு. சொத்தும் படிப்பும் உள்ள ஆண்கள். ஆணைக்குழு 1928 இல் அறிக்கை கொடுத்தது. இனவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டாம், சர்வஜன வாக்குரிமை கொடுக்க வேண்டும் என்று சொன்னது. சொத்துத் தகைமை இல்லை, படிப்புத் தகைமை இல்லை, சாதி இல்லை. பெண்களுக்கு 30 வயதிலிருந்து என்று முதலில் சொல்லி, பிறகு ஆண்களைப் போல 21 ஆக்கினார்கள்.

இராமநாதன் இதை எதிர்த்தார். முதலாவது பகுதியை மட்டும் எதிர்த்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவே தேவையில்லை. இனவாரி இடங்களை எடுத்துவிட்டு வேறு பாதுகாப்பு எதுவும் தராமல் விட்டால் எண்ணிக்கையில் கூடியவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் நியாயமானது. 1936 இல் மந்திரிசபை முழுக்கச் சிங்களவராக அமைந்தபோது அது நடந்தும் காட்டியது. "டொனமூர் என்றால் தமிழர் இனி இல்லை" என்று ஆங்கிலத்தில் எதுகை வைத்து அவர் சொன்னதாகச் சொல்லப்படும் வசனத்தை எங்கள் மேடைகள் இன்னும் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடுவது இதனால்தான்.

அந்தத் தீர்க்கதரிசனத்தின் மற்றப் பாதியை மேடையில் சொல்வதில்லை. அவர் சர்வஜன வாக்குரிமையையும் எதிர்த்தார். வெள்ளாளர் அல்லாத சாதிகளுக்கு வாக்குக் கொடுப்பது கும்பலாட்சியில் கொண்டுபோய் விடும் என்றார். அது இந்து வாழ்க்கை முறைக்கே ஒவ்வாதது என்றார். பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதையும் எதிர்த்தார். 1929 டிசெம்பரில் டொனமூர் திட்டம் சட்டநிரூபண சபையில் 19க்கு 17 என்று நூலிழையில் நிறைவேறிய பிறகும் விடவில்லை. எண்பது வயதை நெருங்கிய காலத்தில், 1930 இல், லண்டனில் மனு அச்சிட்டுக் கொடுத்தார். அவர் கடைசியாக நடத்திய போராட்டம் அதுதான். 1930 நவம்பரில் இறந்துபோனார். அடுத்த வருசம் ஜூனில் இலங்கை முதன்முறை சர்வஜன வாக்குரிமையில் வாக்களித்தது.

என்னுடைய பூட்டிக்கு அப்போது பதினெட்டோ பத்தொன்பதோ வயது. அவ இராமநாதனைக் கண்டதில்லை. இராமநாதனும் அவவைக் கண்டதில்லை. ஆனால் கப்பலேறிப் போன அந்த மனுவில் அவ இருந்தா. இரண்டு தரம் இருந்தா. பெண்ணாக ஒரு தரம், சாதியால் ஒரு தரம்.

பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டியவர் பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றதை எப்படி விளங்கிக்கொள்வது? எனக்கு இது முரணாகத் தெரியவில்லை. கொடுக்கிற இடத்தில் தான் இருக்கும்வரைக்கும் அவர் தாராளமாகக் கொடுத்தார். கல்வி அவர் கொடுத்தது, நாங்கள் வாங்கினோம். வாக்கு அப்படி இல்லை. வாக்கு வந்தால் அவர் எங்களிடம் வந்து கேட்க வேண்டும். கோயிலும் கல்லூரியும் கட்டித் தருகிறேன், ஆனால் யார் உங்களுக்காகப் பேசுவது என்று நீங்கள் தீர்மானிக்கக்கூடாது. 1888 இல் முஸ்லிம்களுக்குச் சொன்னதும் இதுதான்.

"அந்தக் காலத்து ஆள் தானே"

இதை வாசிக்கிற ஒரு அண்ணா இப்போதே கருத்துப் பகுதியில் எழுதத் தொடங்கியிருப்பார். அவருக்கு மூன்று மறுமொழி.

"அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்." இல்லை அண்ணா. அந்தக் காலத்தில்தான் ஏ.ஈ. குணசிங்க தொழிற்சங்கத்தை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டார். அந்தக் காலத்தில்தான் அக்னஸ் டி சில்வாவும் மற்றப் பெண்களும் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்து ஆணைக்குழுவுக்கு முன்னால் போய் நின்றார்கள். அந்தச் சங்கத்தில் நல்லம்மா சத்தியவாகீஸ்வர ஐயர் என்ற தமிழ்ப் பெண் வைத்தியரும் இருந்தார். அந்தக் காலத்தில்தான் யாழ்ப்பாணத்தில் ஹன்டி பேரின்பநாயகமும் வாலிபர் காங்கிரசும் சாதி பாராமல் ஒன்றாக இருந்து சாப்பிடவேண்டும், பள்ளிக்கூடத்தில் சம ஆசனம் வேண்டும் என்று சொல்லி ஊரெல்லாம் பேச்சு வாங்கினார்கள். இராமநாதனின் சொந்தத் தம்பி அருணாசலம் தோட்டத் தொழிலாளருக்காகச் சங்கம் வைத்து, துண்டு முறையை ஒழிக்கப் பாடுபட்டார். ஒரே வீடு, ஒரே காலம். இவர்கள் எல்லாரையும் மறந்தால்தான் 'எல்லாரும் அப்படித்தான்' என்று சொல்ல முடியும். அவருடைய காலத்தை அவரை வைத்து மட்டும் அளப்பது அந்தக் காலத்துக்குச் செய்கிற அநியாயம்.

"அவர் பயந்தது நடந்ததுதானே." எது நடந்தது? கும்பல் வந்து ஆண்டதா? வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பால் 1931 இல் குடாநாட்டின் நாலு தொகுதிகளும் வெறுமையாகக் கிடந்தன. 1934 இல் தேர்தல் நடந்தது. அவர் பயந்த அந்தச் சனம் யாரை அனுப்பியது தெரியுமா? யாழ்ப்பாணத்துக்கு அவருடைய தம்பியின் மகன் மகாதேவாவை. காங்கேசன்துறைக்கு அவருடைய மருமகன் நடேசனை. வாக்குக் கொடுத்தால் உலகம் தலைகீழாகும் என்றார். குடும்பத்தில் இரண்டு பேர் அரசாங்க சபைக்குப் போனார்கள். ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து ஒருவர், எம்.சி. சுப்பிரமணியம், நாடாளுமன்றத்துக்குள் போக 1970 ஆனது. அதுவும் நியமன உறுப்பினராக. தேர்தலில் வென்று ஒருவர் போனது 1977 இல், உடுப்பிட்டியில் இராசலிங்கம். முதல் வாக்கிலிருந்து 46 வருசம். பயப்படவேண்டியிருந்தவர்கள் யார் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

"இதையெல்லாம் எழுதினால் சிங்கள இனவாதிக்கு வாய்ப்பு." இது கொஞ்சம் பாரமான கேள்வி. உண்மைதான், 'தமிழ்த் தலைவர்கள் சாதியைக் காக்கத்தான் உரிமை கேட்டார்கள்' என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இராமநாதனின் மனுவை எடுத்துக்காட்டாகத் தூக்கிப் பிடிப்பார்கள். அவர்களிடம் திருப்பிக் கேட்க எனக்கும் கேள்வி இருக்கிறது. இலங்கைத் தேசிய காங்கிரஸ் சர்வஜன வாக்குரிமை கேட்டதா? இல்லை, அவர்களும் வரையறுத்த வாக்குத்தான் கேட்டார்கள். தோட்டத் தொழிலாளருக்கு வாக்குப் போகக்கூடாது என்று அதே டொனமூர் காலத்தில் பிடிவாதமாக நின்றது யார்? 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது யார்? யாருக்கு வாக்கு இருக்கக்கூடாது என்று தீர்மானிக்கிற உரிமை தங்களுக்கு இருக்கிறது என்று நினைத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். 1948 ஐ நாங்கள் முழு மனத்தோடு கண்டிக்க வேண்டும் என்றால் 1930 ஐயும் கண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கண்டனம் கொள்கை இல்லை, கணக்கு.

எங்கள் வீட்டு ஊத்தையை அடுத்த வீட்டான் எடுத்துக் காட்டுவதற்கு முதல் நாங்களே கூட்டிவிடுவது நல்லது.

ஏன் இப்போது இதைக் கதைக்க வேண்டும்

ஏனென்றால் இது முடிந்த கதை இல்லை.

முதலாம் வருடம் வந்தபோது பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை தேடி ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. தேத்தண்ணி தந்தா. அறையையும் காட்டினா. வாடகையும் பேசி முடிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டா, "பிள்ளை ஊரிலை எவடம்?" சொன்னேன். "அங்கை எந்தக் கோயிலடி?" சொன்னேன். "சொந்தக்காரப் பிள்ளை ஒண்டு வாறன் எண்டு சொன்னது, கேட்டிட்டுச் சொல்லுறன்" என்றா. அவ இன்னும் கேட்டு முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு 'எவடம்' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. அந்த வீடு இருந்ததும் இராமநாதன் வீதியை அண்டித்தான்.

அம்மம்மா 1950களின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நிலத்தில் இருந்து படித்தவ. வாங்கு இருந்தது, இவவுக்கு இல்லை. ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டா. சம ஆசனம் கொடுக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது 1930 வாக்கில். அதற்குப் பதிலாகக் குடாநாட்டில் பள்ளிக்கூடங்களை எரித்தார்கள். உத்தரவு வந்து இருபது வருசத்துக்குப் பிறகும் அம்மம்மா நிலத்தில்தான். 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போய்ப் பொலிஸ் அடி வாங்கியவர்கள் கேட்டதும் பெரிதாக ஒன்றும் இல்லை. தேத்தண்ணிக் கடைக்குள் போகவும் கோயிலுக்குள் போகவும் வழி விடுங்கள் என்றுதான். அந்தச் சுன்னாகத்துக்குக் கொஞ்சம் இங்காலே மருதனார்மடத்தில்தான் இராமநாதனின் சமாதி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டொனமூர் ஆணைக்குழு சர்வஜன வாக்குரிமைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஏழைகளுக்கு வாக்கு இல்லாததால்தான் இந்த நாட்டில் அவர்களுக்கான சட்டங்கள் இவ்வளவு பின்தங்கிக் கிடக்கின்றன என்பது. அது சரியாகத்தான் இருந்தது. எல்லாரிடமும் வாக்குக் கேட்கவேண்டிய நிலை வந்த பிறகுதான் 1945 இல் கன்னங்கரவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும். அது இல்லாவிட்டால் மேசன் வேலை செய்கிற ஒருவரின் மகள் கலைப்பீடத்தில் இருந்து இதை எழுத முடியாது.

ஆகவே கணக்கைச் சரியாக எழுதுவோம். நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் இருப்பதற்கு அவர் கட்டிய கட்டடம் ஒரு காரணம். அவர் வேண்டாம் என்ற வாக்கு இன்னொரு காரணம். முதலாவதற்கு ஒவ்வொரு வருசமும் மாலை போடுகிறோம். இரண்டாவதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இந்த மௌனம்தான் இன்றைய அரசியலுக்கும் உதவுகிறது. எங்கள் தலைவர்கள் இன்றைக்கும் 'தமிழ் மக்களின் நிலைப்பாடு' என்று அறிக்கை விடுகிறார்கள். அதை எந்தத் தமிழ் மக்களிடம் கேட்டார்கள் என்று தெரியாது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் இருந்து பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் வந்தபோது "பொருத்தமான பொம்பிளையளைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்" என்று கட்சிக்காரர் சொன்னதை என் காதால் கேட்டேன். 1932 இலேயே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குப் போனவர். அவருக்கு எத்தனை பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி வைக்கிறோம்?

நான் வீதியின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. சிலை எதையும் உடைக்கச் சொல்லவில்லை. பெயரை மாற்றினால் நாங்கள் இன்னும் சுலபமாக மறந்துபோவோம். பெயர் இருக்கட்டும். கதையை முழுக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் 1915 க்கு ஒரு பக்கம் கொடுத்தால் 1930 க்கு ஒரு பந்தியாவது கொடுங்கள். நினைவுதினத்தில் ஐந்து பேர் பேசினால் ஒருவராவது அந்த மனுவைப் பற்றிப் பேசட்டும். வரலாறு படிக்கிற நாங்கள், ஒப்படையில் எழுதிப் புள்ளி வாங்குவதை வீட்டில் தங்கச்சிக்கும் சொல்லுவோம்.

நான் பிறகு சொன்னேன். தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அப்ப இதையும் சேர்க்கவோ?" என்று கேட்டாள். "உன்ரை விருப்பம், ஆனால் பரிசு கிடையாது" என்றேன். கடைசிப் பந்திக்கு முன்னால் மூன்று வரி சேர்த்தாள். பரிசு கிடைக்கவில்லை. அந்த மூன்று வரியாலா, நடுவில் ஓரிடத்தில் மறந்துபோய் நின்றதாலா தெரியாது.

அம்மம்மா இதொன்றும் அறியா. தேர்தல் நாள் என்றால் காலமை ஏழு மணிக்கே வெளிக்கிட்டுவிடுவா, மழையென்றாலும். போட்டுவிட்டு வந்து மை பூசின சின்ன விரலை எங்களுக்குக் காட்டுவா. யாருக்குப் போட்டவ என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டா. "அது என்ரை விசயம்" என்பா.